ஜூலையில் அறுகம்பை: கோத்தகிரியிலிருந்து நாலு பேர், ஆறு நாள். திட்டம் சரியா?

கேள்வி (கோத்தகிரி)

ஜூலை கடைசி வாரம், இலங்கையின் கிழக்குக் கரையில் அலைச்சறுக்குக்குப் (சர்ஃபிங்) பேர்போன அறுகம்பை போகிறோம். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் சென்னை, மதியம் கொழும்பு ஃப்ளைட். இறங்கியதும் வேன் பிடித்து அன்று ராத்திரியே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. சந்தேகம் மூன்று. அங்கேயும் அப்போது மழைதானா? யாருக்கும் சர்ஃபிங் தெரியாது, ஒருவருக்கு நீச்சலே வராது, எங்கே தொடங்குவது? மிருகம், பறவை பார்க்க எந்த தேசியப் பூங்கா, யாலாவா, குமணவா?

பதில் (குன்னூர்)

மழைக்குப் பயம் வேண்டாம். நம் கூடலூர், தேவாலாவை நனைக்கிற அதே தென்மேற்குக் காற்று, இலங்கையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு மலையைத் தாண்டி வறண்டுபோய்க் கிழக்கே இறங்குகிறது. அந்தப் பக்கம் அதற்குக் கச்சான் என்று பெயர். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் அலை சிதறாமல் நிமிர்ந்து நிற்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை சீசன் இருப்பது இதனால்தான். நவம்பரில் வாடை திரும்பினால் அங்கே மழை, கடைகள் பாதி மூடிக் கிடக்கும். அரையாண்டு லீவில் போகிறவர்கள் தெற்கே வெலிகமவுக்குப் போகட்டும். ஸ்வெட்டரைச் சென்னை வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கை ரேஷ்கார்டு (கடலில் போடும் இறுக்கமான சட்டை) இல்லாமல் கடலில் இறங்கினால் மறுநாள் முதுகு படுக்கையில் படாது.

பதில் (மசினகுடி)

முதலில் அந்த ராத்திரிப் பயணத்தை விடுங்கள். விமான நிலையத்திலிருந்து ஏழெட்டு மணி நேரம் ஆகும். சியம்பலாண்டுவயிலிருந்து, அறுகம்பைக்குப் பக்கத்து ஊரான பொத்துவில் போகும் ரோடு லாகுகல காட்டுக்குள்ளேயே போகிறது. யானை குறுக்கே வரும். தெப்பக்காடு ரோட்டில் ராத்திரி கேட் போடுவது போல அங்கே தடுத்து நிறுத்த ஆள் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. எக்ஸ்பிரஸ்வேயில் மத்தள பக்கம் இறங்கி, வெல்லவாய வழியாக மொனராகலையில் தங்குங்கள். காலையில் பொத்துவில் எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான்.

டிரைவர் கதிர்காமம் போய்ப் புத்தள ரோட்டில் ஏறலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழம் கொடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டதால் யானைகள் வண்டியை மறித்து ஜன்னலுக்குள் தும்பிக்கை நீட்டும்.

பதில் (ஊட்டி)

அறுகம்பையின் பெரிய அலை எழும் மெயின் பாயிண்ட் உங்களுக்கு இல்லை. அடியில் பாறை, கடல் முள்ளெலி. போதாததற்கு தேர்ந்தவர்கள் நெரிசல். ஊரின் வளைகுடாவுக்குள்ளேயே இருக்கும் பேபி பாயிண்ட்டில் ஆரம்பியுங்கள். பிறகு வடக்கே விஸ்கி பாயிண்ட், தெற்கே பீநட் ஃபார்ம்.

எழுபது கிலோ ஆளுக்கு எட்டு, ஒன்பதடி சாஃப்ட் டாப் (மேற்புறம் மெத்தென்ற) பலகை. காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காற்று மாறி அலை கலையும். புதியவர்கள் மூக்குக் குப்புற விழுவதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: பலகையில் ரொம்ப முன்னால் படுத்திருப்பார்கள். முனை தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று விரல் உயரம் நிற்க வேண்டும். அலை தூக்கிய பிறகும் இரண்டு துடுப்பு கூடுதலாகப் போட்டுவிட்டு எழுங்கள். எழும்போது காலைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். விழுந்தால் தட்டையாக விழுந்து, கையால் தலையை மூடிக்கொண்டு மேலே வர வேண்டும். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை இருக்கவே கூடாது.

நீச்சல் வராதவர் இடுப்பளவு நுரைத் தண்ணீரோடு சரி, அதுவும் பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால். களப்பு (கடலோரக் காயல்) முகத்துவாரத்தில் யாரும் குளிக்க வேண்டாம், முதலை உண்டு.

கேள்வி (கோத்தகிரி)

மொனராகலைக்கு மாற்றிவிட்டோம். குமணவுக்கு ஆட்டோவில் போகலாமா?

பதில் (மசினகுடி)

கேட் வரை போகலாம். அது உகந்தையில் இருக்கிறது, பாணமை தாண்டி. அறுகம்பையிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். உள்ளே ஜீப் வேண்டும், எனவே ஊரிலேயே ஜீப் பேசி ஐந்து மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள். கட்டணத்தில் ஏமாறாதீர்கள்: தலைக்கு டிக்கெட், வண்டிக்கு, சேவைக் கட்டணம், மேலே வரி என்று தனித்தனியாக ஏறும். ஜீப் வாடகையில் இவை அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

குமண வில்லுவில் (பூங்காவுக்குள் இருக்கும் சதுப்பு ஏரி) கொக்கு, நாரை, கூழைக்கடா கூடு கட்டுவது மே, ஜூனில். ஜூலைக் கடைசியில் அந்தக் கூட்டம் குறைந்திருக்கும். சிறுத்தைதான் முக்கியம் என்றால் யாலா. ஆனால் அங்கே சிறுத்தையைவிட ஜீப்புதான் அதிகம் தெரியும். யானைக்கு இரண்டுமே தேவையில்லை. லாகுகல குளம் வற்றத் தொடங்கி யானை விரும்பித் தின்னும் பேருப் புல் வெளியே தெரியும் நேரம் அது. மாலை நாலு மணிக்குக் குளத்துப் பக்கம் போனால் கூட்டமாக நிற்கும். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். உகந்தை முருகன் கோயில் கேட் பக்கத்திலேயே இருப்பதால் அதற்குத் தனி நாள் ஒதுக்க வேண்டாம்.

பதில் (ஊட்டி)

ஒன்று விட்டுப்போயிற்று. வாடகைப் பலகையை எடுக்கும்போதே விரிசல், ஃபின் (அடியில் இருக்கும் துடுப்புத் தகடு) ஆட்டம் பார்த்து, இருபுறமும் போட்டோ எடுத்துவிடுங்கள். திருப்பித் தரும்போது பழைய காயத்துக்கும் காசு கேட்பார்கள். காலையும் பலகையையும் இணைக்கும் லீஷைப் பலகையில் மாட்டும் சின்னக் கயிறு நீளமாக இருந்தால் வாங்காதீர்கள். இழுவை வரும்போது லீஷ் முனையிலுள்ள அகலமான பட்டைக்குப் பதில் கயிறு பலகை விளிம்பில் பதிந்து அறுத்துவிடும். முடிச்சைச் சுருக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள், பட்டைதான் விளிம்பில் படிய வேண்டும்.