நீரில் கரையும் பாலிமரும் நீரை உறிஞ்சும் பாலிமரும் ஒன்றா? கசடு பிழிவதில் ஒரு சிக்கல்

வாய்க்கால்கரை:

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டுப் பகுதியில் நெய்த துணிக்குச் சாயமேற்றும் ஆலை ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்ட பிறகு, நாங்கள் ‘பாலி’ என்று அழைக்கும் பாலிஎலக்ட்ரோலைட் (கலங்கலைத் திரட்டும் பாலிமர்) கரைசலைச் சேர்த்து, திரள் அடியில் படியும் தொட்டியான கிளாரிஃபையருக்கு அனுப்புகிறோம். அங்கே திரள் நன்றாகவே இறங்குகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். அதே பாலியை உயிரியல் தொட்டியிலிருந்து வரும் கசடுக்கும் போட்டு தட்டுகளுக்கிடையே அழுத்தி நீரைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸில் ஏற்றினால் வடிதுணி அடைத்துக்கொள்கிறது. தட்டுகளைப் பிரித்தால் பாளமாக விழ வேண்டிய கசடு கூழாக வழிகிறது. அளவைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கரைக்கும் தொட்டியிலும் வழவழப்பான கட்டிகள் கரையாமல் மிதக்கின்றன.

இதற்கிடையில் விற்பனையாளர் ஒருவர், டயாப்பருக்குள் இருக்கும் நீருறிஞ்சித் தூளும் இதே குடும்பம்தான் என்றும், அதைக் கசட்டில் கலந்தால் தண்ணீர் முழுவதையும் அது இழுத்துக்கொள்ளும் என்றும் சொல்லிப் பாதி விலைக்குத் தர முன்வந்திருக்கிறார். இரண்டும் உண்மையிலேயே ஒன்றா? இவை எப்படித் தயாராகின்றன என்பதையும் சேர்த்து யாராவது விளக்கினால், முதலாளியிடம் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

பாலிமர்ப் பொறியாளர்:

வணக்கம். பாலிஅக்ரிலமைடு தயாரிக்கும் ஆலையில் உற்பத்திப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். குடும்பம் ஒன்று என்பது சரி; பயன் ஒன்று என்பது தவறு. நீங்கள் போடும் பாலி, அதாவது பாலிஅக்ரிலமைடு, தனித்தனியாகக் கிடக்கும் மிக நீளமான சங்கிலிகள். டயாப்பர்த் தூளில் அதே போன்ற சங்கிலிகள், ஆங்காங்கே முடிச்சிட்ட மீன்வலை போல, ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. பிணைப்பு இல்லாத சங்கிலி தண்ணீரில் விரிந்து கரைந்துவிடும். பிணைப்புள்ள வலை கரைய முடியாமல் ஊதிப் பெருகும். கசடுத் துகள்களை இணைப்பதற்கு, ஒரு துகளிலிருந்து இன்னொரு துகளுக்குப் பாலம் போடும் அளவுக்கு நீண்டு செல்லும் சங்கிலி வேண்டும். ஊதிய வலைத் துண்டு அந்த வேலையைச் செய்யாது. தண்ணீரை வெளியேற்றுவதற்குப் பதிலாகக் கசடுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் எடை போட்டு அனுப்பும் கசடு அதிகமாகுமே தவிரக் குறையாது.

மேலும், அந்தத் தூள் காய்ச்சி வடித்த நீரில் தன் எடையைப் போல முந்நூறு மடங்குக்கு மேல் உறிஞ்சும் என்பது உண்மையானாலும், 0.9 சதவீத உப்புநீரில் அது ஏறத்தாழ 30 முதல் 60 மடங்காகச் சுருங்கிவிடும். சாயக் கழிவுநீரில் இருக்கும் உப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தயாரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாலியின் மூலப்பொருள் அக்ரிலமைடு. அக்ரிலோநைட்ரைலுடன் நீரைச் சேர்த்து இதைப் பெறுகிறார்கள். முன்பு கந்தக அமிலத்தையும், பிறகு தாமிர வினையூக்கியையும் பயன்படுத்தினார்கள். 1985-இல் ஜப்பானின் நிட்டோ கெமிக்கல் நிறுவனம் பாக்டீரியாவின் நொதியைக் கொண்டு இதைத் தொழிலளவில் தயாரிக்கத் தொடங்கியது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயாகி யமடா குழுவினர் செய்த ஆய்வு அதற்கு அடிப்படை. பின்னர் வந்த ரோடோகாக்கஸ் ரோடோக்ரஸ் ஜே1 என்ற பாக்டீரியா வகை இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. மிதமான வெப்பநிலையில், துணைப்பொருள்கள் பெரிதாக இல்லாமல் வினை முடிவதால், இன்றைக்கும் எனக்கு மிகவும் பிடித்த வேதித் தொழில்நுட்பம் இதுதான்.

அந்த அக்ரிலமைடை 20 முதல் 30 சதவீதக் கரைசலாக்கி, ஏறத்தாழ உறைநிலை வரை குளிர்வித்து, நைட்ரஜனை ஊதிக் கரைந்திருக்கும் ஆக்சிஜனை விரட்டிவிட்டு, வினைதொடக்கியைச் சேர்க்கிறோம். வெளியிலிருந்து சூடேற்றத் தேவையில்லை. வினையின் வெப்பத்தாலேயே வெப்பநிலை 80, 90 டிகிரி வரை ஏறி, கலத்திலிருந்த தண்ணீர் போன்ற கரைசல் கத்தியால் வெட்ட வேண்டிய ரப்பர் பாளமாக மாறிவிடும். அதைத் துண்டுதுண்டாக நறுக்கி, சூடான காற்றில் உலர்த்தி, அரைத்துச் சலித்தால் நீங்கள் மூட்டையில் வாங்கும் தூள் கிடைக்கும். சோடியம் அக்ரிலேட்டைச் சேர்த்து வளர்த்தால் அனயானிக் எனப்படும் எதிர்மின் வகை. நான்கிணைய அமோனியத் தொகுதியுள்ள அக்ரிலேட்டைச் சேர்த்து வளர்த்தால் கேட்டயானிக் எனப்படும் நேர்மின் வகை. மூலக்கூறு எடை கோடிக் கணக்கில் போகும்.

நீருறிஞ்சித் தூளுக்கு மூலப்பொருள், புரோப்பிலீனை இரண்டு கட்டங்களாக ஆக்சிஜனேற்றிக் கிடைக்கும் அக்ரிலிக் அமிலம். அதில் முக்கால் பங்கை எரிசோடாவால் நடுநிலையாக்கி, மிகச் சிறிதளவு பிணைப்பானைச் சேர்த்து வளர்த்து, உலர்த்திய பிறகு துகளின் மேற்பரப்பை மட்டும் மீண்டும் ஒருமுறை இறுகப் பிணைக்கிறார்கள். அந்த மேற்பரப்புப் பிணைப்பு இல்லையென்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே நீர் இறங்குவதைத் தடுத்துவிடும்.

ஆக்சிஜனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வினைக்கலத்தில் நாங்கள் விரட்டும் அதே ஆக்சிஜன், அக்ரிலிக் அமிலத்தைச் சேமிக்கும் தொட்டியில் காவலாக இருக்கிறது. அமிலத்தில் கலந்திருக்கும் தடுப்பான் கரைந்த ஆக்சிஜன் இருந்தால்தான் வேலை செய்யும். வெப்பமும் தேங்கக் கூடாது. 29 செப்டம்பர் 2012 அன்று ஜப்பானின் ஹிமேஜியில் நிப்பான் ஷொகுபாய் ஆலையின் அக்ரிலிக் அமிலத் தொட்டி ஒன்றில் அமிலம் தேங்கிச் சூடேறி, தானாகவே பாலிமராகத் தொடங்கி வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். 36 பேர் காயமடைந்தார்கள். டயாப்பருக்கான தூளைத் தயாரிக்கும் பெரிய ஆலைகளில் அது ஒன்று என்பதால், உலகச் சந்தையே சில மாதங்கள் தவித்தது.

தெளிநீர்:

முந்தைய பதிவின் வேதியியலோடு களத்தில் செய்ய வேண்டியதைச் சேர்க்கிறேன். உங்கள் முதன்மையான சிக்கல் பாலியின் அளவில் இல்லை, வகையில் இருக்கிறது. சுண்ணாம்பும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ராக்சைடு திரளின் மேற்பரப்பை எதிர்மின் சங்கிலி எளிதாகப் பற்றிக்கொள்கிறது. அதனால்தான் கிளாரிஃபையரில் உங்களுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. உயிரியல் கசட்டின் பாக்டீரியாத் திரள்களோ எதிர்மின் தன்மை கொண்டவை. எதிர்மின்னை எதிர்மின் தள்ளும். ஒட்டிக்கொள்ள இடமில்லாத பாலி தண்ணீரிலேயே தங்கி, வடிதுணியில் படலமாகப் படிகிறது. நீங்கள் அளவைக் கூட்டக் கூட்டத் துணி மேலும் அடைபட்டதற்குக் காரணம் இதுவே. உயிரியல் கசடுக்குக் கேட்டயானிக் வகையை வாங்க வேண்டும்.

ஆனால் இரண்டு கசடுகளையும் ஒரே தொட்டியில் கலக்கிறீர்களா என்பதைச் சொல்லவில்லை. கலப்பதாக இருந்தால், சுண்ணாம்பினால் அதன் பி.எச். 10-க்கு மேல் இருக்கக்கூடும். சந்தையில் கிடைக்கும் கேட்டயானிக் பாலிகளில் பெரும்பாலானவை எஸ்டர் வகை. அந்தக் காரத்தில் அவற்றின் நேர்மின் தொகுதிகள் விரைவில் அறுந்துபோகும். ஆகவே உயிரியல் கசடைத் தனியாக வைத்துப் பிழியுங்கள். முடியாவிட்டால் பாலியைத் தொட்டியில் ஊற்றாமல், பிரஸ்ஸுக்குப் போகும் குழாயிலேயே சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

கட்டிகளுக்கு வருகிறேன். தூள் மொத்தமாகத் தண்ணீரில் விழுந்தால், ஒவ்வொரு குவியலின் வெளிப்புறமும் உடனே கூழாகி, உள்ளே இருக்கும் தூளுக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவிடும். அதற்குத்தான் ‘மீன்கண்’ என்று பெயர். முதலில் கலக்கியை ஓடவிட்டுச் சுழலை உண்டாக்குங்கள். பிறகு அந்தச் சுழலின் சரிவில், 1000 லிட்டருக்கு 1 கிலோ என்ற கணக்கில், சல்லடையால் உப்புத் தூவுவது போல மெதுவாகத் தூவுங்கள். தூவி முடித்த பின் வேகத்தைக் குறைத்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஊறவிடுங்கள். அவசரப்பட்டு வேகமான கலக்கியையோ சென்ட்ரிஃபியூகல் பம்பையோ பயன்படுத்தினால், எந்த நீளத்துக்காகப் பணம் கொடுத்தீர்களோ அந்தச் சங்கிலி அறுந்துவிடும். திருகு வகை பம்பே இதற்கு ஏற்றது.

கரைக்கும் தண்ணீரும் முக்கியம். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் சங்கிலி விரியாமல் சுருண்டே கிடக்கும். நீரில் இரும்போ குளோரினோ இருந்தால் சங்கிலி சிதையும். சவ்வின் வழியாக உப்பை நீக்கும் ஆர்.ஓ.வில் வரும் நல்ல நீர் விலையுயர்ந்தது என்று எங்கள் நிலையத்திலும் தயங்கினார்கள். ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஓரிரு ஆயிரம் லிட்டர்தான். மிச்சமாகும் பாலியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவு ஆகாது.

எந்தத் தரத்தை வாங்குவது என்பதற்கு விற்பனையாளரின் தாளை நம்ப வேண்டாம். இரண்டு முகவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி கசடில் பாலிக் கரைசலைச் சேர்த்து, ஒரு முகவையிலிருந்து மற்றொன்றுக்குப் பத்து முறை மாற்றி ஊற்றுங்கள். பிறகு உங்கள் பிரஸ்ஸின் பழைய வடிதுணித் துண்டின் மேல் கவிழ்த்து, அரை நிமிடத்தில் எவ்வளவு நீர் வடிகிறது, அது எவ்வளவு தெளிவாக இருக்கிறது, துணியை மடித்துப் பிழிந்தால் கசடு துணியை விட்டு உரிகிறதா என்று பாருங்கள். விரலுக்கிடையே வழவழப்பு தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

பாவுநூல்:

நெய்த துணி என்று எழுதியிருப்பதால் இதைச் சேர்க்கிறேன். நான் பாவுக்கு, அதாவது தறியின் நீளவாட்டு நூலுக்கு, கஞ்சி போடும் ஆலையில் பணிபுரிகிறேன். தறியில் நூல் அறாமல் இருக்க நாங்கள் போடும் கஞ்சியில் மாவுச்சத்தோடு பி.வி.ஏ. எனப்படும் பாலிவினைல் ஆல்கஹாலும் சேர்கிறது. அதுவும் நீரில் கரையும் பாலிமரே. உங்கள் ஆலையில் கஞ்சி நீக்கும்போது அது முழுவதும் உங்கள் தொட்டிக்குத்தான் வருகிறது.

வினைல் ஆல்கஹால் என்ற மூலப்பொருள் நிலைத்திருக்காது என்பதால் பி.வி.ஏ.வை நேரடியாகத் தயாரிக்க முடியாது. வினைல் அசிடேட்டை முதலில் பாலிமராக்கி, பிறகு மெத்தனாலில் எரிசோடாவைக் கொண்டு அசிடேட் தொகுதிகளை நீக்குகிறார்கள். 88 சதவீதம் அளவுக்கு நீக்கியது எளிதாகக் கரையும். 98 சதவீதத்துக்கு மேல் நீக்கியது கரைய 90 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கஞ்சி நீக்கும் தொட்டியில் சூடு போதாமல் போனால் துணியில் பி.வி.ஏ. தங்கிச் சாயம் திட்டுத்திட்டாக ஏறும் என்பதைச் சாயத் துறையினர் அறிவார்கள்.

கழிவுநீரில் இதன் தொல்லை வேறு வகையானது. மின்சுமை இல்லாத இந்தச் சங்கிலி நுண்துகள்களைச் சூழ்ந்துகொண்டு அவை திரளாமல் காக்கிறது, நுரையும் கிளப்புகிறது. மாவுச்சத்தைப் பாக்டீரியா எளிதில் தின்றுவிடும். பி.வி.ஏ.வைத் தின்பதற்குப் பழகிய பாக்டீரியாக் கூட்டமும் கூடுதல் நேரமும் தேவை. ஆகவே உங்களுக்குத் துணி அனுப்புவோரிடம் கஞ்சியில் என்ன இருக்கிறது என்று கேட்டு, பி.வி.ஏ. மிகுந்த துணி வரும் நாள்களைக் குறித்து வையுங்கள். பாலி வேலை செய்யாத நாள்கள் அவற்றோடு பொருந்துகின்றனவா என்று தெரிந்துவிடும். அமெரிக்க நெசவாலைகளில் 1970-களிலேயே அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வுகளின் வழியாகப் பி.வி.ஏ.வை மீட்டு மறுபடியும் பாவுக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். கஞ்சி போடுவதும் நீக்குவதும் ஒரே வளாகத்தில் நடக்கும் ஆலைகளாவது நம் ஊரில் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாலிமர்ப் பொறியாளர்:

பாதுகாப்பைப் பற்றி எழுதாமல் விட முடியாது. பாலிமராக மாறிய பிறகு இதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு; ஆனால் மாறாமல் எஞ்சும் அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும். ஸ்வீடனின் ஹல்லண்டோஸ் சுரங்கப்பாதைப் பணியில் 1997-இல், நீர்க்கசிவை அடைக்க உட்செலுத்திய அக்ரிலமைடு கலவை முழுமையாக இறுகாமல் ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, அந்த நீரைக் குடித்த மாடுகள் கால் விளங்காமல் விழுந்தன, தொழிலாளர்களும் பாதிக்கப்பட்டார்கள். குடிநீரில் அக்ரிலமைடுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் மட்டுமே. ஆகவே தூள் வாங்கும்போது எஞ்சிய மோனோமரின் (பாலிமராகாத அக்ரிலமைடின்) அளவுக்குச் சான்றிதழ் கேளுங்கள். விலை மிகவும் குறைந்தால் கட்டாயம் கேளுங்கள்.

தூள் தரையில் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். நனைந்த நொடியில் தரை நடக்க முடியாத அளவுக்கு வழுக்கும். உலர்வாகவே பெருக்கி அள்ளி, மீதியின் மேல் மணலோ மரத்தூளோ போட்டு வாருங்கள்.

வாய்க்கால்கரை:

மிக்க நன்றி ஐயா. இரண்டு கசடுகளும் ஒரே தொட்டியில்தான் சேர்கின்றன, பி.எச். 10-க்கு மேல்தான் இருக்கிறது. பிரிப்பதற்குக் குழாய் போடச் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி: கேட்டயானிக் வகை பால் போன்ற திரவமாகவும் கிடைக்கிறதே, கட்டித் தொல்லை இல்லாமல் இருக்க அதையே வாங்கலாமா?

தெளிநீர்:

அது எண்ணெயில் சிதறிய பாலிமர்த் துளிகள் கொண்ட எமல்ஷன். மீன்கண் வராது என்பது உண்மை. ஆனால் அதில் பாலிமர் 30 முதல் 40 சதவீதம்தான். மீதி எண்ணெயும் தண்ணீரும். அந்த எண்ணெய் உங்கள் சி.ஓ.டி. (கழிவுநீரின் மாசைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை) கணக்கில் சேரும். நாள்பட்டால் பீப்பாயில் அடுக்காகப் பிரியும். கரைக்கும் தொடக்கத்தில் சில நொடிகள் வலுவான கலக்கலும் தேவைப்படும். தானியங்கிக் கரைப்புக் கருவி உள்ள பெரிய நிலையங்களுக்கு அது வசதி; உங்கள் அளவுக்குத் தூளே போதும். எதை வாங்கினாலும் அளவை மிஞ்ச விடாதீர்கள். பிரஸ்ஸிலிருந்து வடியும் நீர் சுற்றி வந்து ஆர்.ஓ.வுக்குத்தான் போகிறது. அந்தச் சவ்வின் மேற்பரப்பு எதிர்மின் கொண்டது என்பதால், மிஞ்சி வரும் கேட்டயானிக் சங்கிலி அதில் ஒட்டிக்கொண்டால் வழக்கமான கழுவலில் போவது கடினம். குறைந்தது முதல் மாதமாவது வடிநீரைத் தனியாக எடுத்து, அதில் சிறிது களிமண் கலங்கலை விட்டுப் பாருங்கள். கலங்கல் உடனே திரண்டு இறங்கினால் நீரில் பாலி மிஞ்சியிருக்கிறது, அன்றே பம்பின் அளவைக் குறையுங்கள்.