64 கேபிபிஎஸ் இணைப்பில் நேரலை வீடியோ உறைந்து நிற்கிறது

கேள்வி:
இணைப்பு 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 ஆயிரம் பிட்), அதற்கு மேல் ஏறாது. அசையாத கேமரா முன் ஒருவர் பேசுகிறார். 640×480, விநாடிக்கு 25 ஃபிரேம், எக்ஸ்264 என்ற வீடியோ என்கோடரில் (சுருக்கும் மென்பொருள்) 40 கேபிபிஎஸ், ஓபஸ் முறையில் சுருக்கிய ஆடியோ 12. கூட்டினால் 52தான். ஆனாலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, 2 விநாடிக்கொரு முறை உறைகிறது. கீஃபிரேம் (முந்தைய படத்தைச் சாராமல் முழுதாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளி 50 ஃபிரேம். எங்கே தவறு?

பதில் 1:
40,000 பிட்டை 25-ஆல் வகுத்தால் ஃபிரேமுக்கு 1,600 பிட், வெறும் 200 பைட். 640×480 படத்தில் 1,200 மேக்ரோபிளாக் (16×16 பிக்சல் கட்டம்) இருக்கின்றன. பிளாக்குக்கு ஒன்றரை பிட்கூடத் தேறாது. 320×240, 8 ஃபிரேமுக்கு இறங்குங்கள்: 300 பிளாக், ஃபிரேமுக்கு 5,000 பிட். பிளாக்குக்குப் பதினாறு பிட்டுக்கு மேல் கிடைக்கும். பேசும் முகத்துக்கு அது போதும்.

உறைவது கீஃபிரேமால். அது 8,000 பைட் இருந்தால் உங்கள் இணைப்பை முழுதாக 1 விநாடி அடைத்துக்கொள்ளும். எக்ஸ்264-இல் இன்ட்ரா-ரெஃப்ரெஷ் போடுங்கள், கீஃபிரேமுக்குப் பதில் படம் செங்குத்துப் பட்டையாக, கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கப்படும். கீஇன்ட் (எத்தனை ஃபிரேமுக்கு ஒரு சுற்றுப் புதுப்பிப்பு) 80. மேக்ஸ்ரேட் (உச்ச வேக வரம்பு) பிட்ரேட் அளவே, பஃப்சைஸ் (அந்த வரம்பை அளக்கும் பஃபரின் அளவு) அதில் பாதி. பஃப்சைஸ் தராவிட்டால் எக்ஸ்264 மேக்ஸ்ரேட்டைக் கண்டுகொள்ளாது. ஜீரோலேட்டன்சி ட்யூன் (தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) வைத்தால் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) 1 என்று கொடுங்கள். இல்லையென்றால் இத்தனை சிறிய படத்தையும் ஸ்லைஸ்களாக (தனித்தனித் துண்டுகளாக) வெட்டி பிட்டை வீணாக்கும்.

பதில் 2:
கூட்டுத்தொகை 52 இல்லை. ஆர்டிபியில்தானே (நேரலை ஒலி, படத்தைப் பாக்கெட்டுகளாக அனுப்பும் நெறிமுறை) அனுப்புகிறீர்கள்? ஓபஸ் வழக்கமாக 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு 50. ஒவ்வொன்றுக்கும் மூன்று நெறிமுறை அடுக்குகளின் தலைப்பு (முகவரி முதலிய தகவல்) சேரும்: ஐபி 20, யுடிபி 8, ஆர்டிபி 12 என்று 40 பைட். அதுவே 16 கேபிபிஎஸ்! ஆடியோ 28, வீடியோ 40, ஆக 68. குழாய் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது.

ஓபஸ் ஃபிரேமை 60 மில்லிவிநாடி ஆக்கினால் தலைப்புச் செலவு 5.3-ஆகக் குறையும். தாமதம் 40 மில்லிவிநாடி கூடும், ஒரு பாக்கெட் தொலைந்தால் பேச்சில் ஒரு துணுக்கு விழுங்கப்படும். இந்த வேகத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வீடியோவை 36-க்கு இறக்குங்கள், மூச்சுவிட இடம் வேண்டும்.

பதில் 3:
வெளிச்சத்தையும் பாருங்கள். ஆள் அசையாதபோதும் பின்சுவரில் புள்ளிகள் கொதிக்கின்றனவா? அது சென்சார் இரைச்சல். என்கோடருக்கு அதுவும் அசைவுதான், பிட்டைத் தின்றுவிடும். முகத்துக்கு நேரே விளக்கு வையுங்கள், ஆட்டோ எக்ஸ்போஷரையும் ஆட்டோ ஃபோகஸையும் பூட்டுங்கள். பிறகும் மிஞ்சினால் எச்க்யூடிஎன்3டி என்ற இரைச்சல் நீக்கும் ஃபில்டர்.

கேட்டவர்:
உறைவது நின்றுவிட்டது, நன்றி. ஆனால் புதிதாக இணைபவருக்கு முதலில் படம் குழம்பி வருகிறதே?

பதில் 1:
பட்டை ஒரு சுற்று முடியும்வரை அப்படித்தான். 8 ஃபிரேமில் கீஇன்ட் 80 என்றால் 10 விநாடி. 40 ஆக்கினால் 5 விநாடி. முகத்தின் கூர்மை சற்று மங்கும்.