10×16 ஷெட்: ஒருவர் பெர்மிட் வேண்டாம் என்கிறார், இன்னொருவர் வேண்டும் என்கிறார்

கேள்வி:
வணக்கம். நாங்கள் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணம். பின்வளவில் 10 அடிக்கு 16 அடி மர ஷெட் ஒன்று போடுகிறேன். சரளைக்கல் கொட்டி இறுக்கியாயிற்று. நீளச் சுவர்கள் இரண்டுக்கும் மரச்சட்டம் அடித்துப் புல்லில் கிடத்தியிருக்கிறேன். தொடங்குமுன் நகரசபைக்கு எடுத்துக் கேட்டேன், பெர்மிட் தேவையில்லை என்றார்கள். வேலியிலிருந்து எவ்வளவு தள்ளவேண்டும் என்று கேட்கப் போன கிழமை மறுபடி எடுத்தால், வேறு ஒருவர் கதைத்தார். பெர்மிட் இல்லாமல் தொடரக்கூடாது என்கிறார். அன்றிலிருந்து சுத்தியலைத் தொடவில்லை, மரம் மழையில் நனைகிறது. யார் சொல்வது சரி?

பதில்:
இரண்டு பேருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். ஷெட்டுக்குள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் எப்படிச் சொன்னீர்கள்?

கேட்டவர்:
முதல் தடவை சாமான் வைக்க என்றேன். இரண்டாம் தடவை, மரவேலைக்கு ஒரு மேசையும் மரம் அறுக்கும் மெஷினும் போடுவேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அதுவா காரணம்?

பதில்:
அதேதான். பெர்மிட் இல்லாமல் போடக்கூடிய ஷெட்டுக்கான வரம்பை 10 சதுர மீட்டரிலிருந்து 15 ஆக ஒன்டாரியோ உயர்த்தியது 2022-இல். பின்வளவில் நிற்கும் எல்லாவற்றுக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஒரே தளமாக இருக்கவேண்டும், வீட்டோடோ வேறு எதோடோ ஒட்டாமல் தனியே நிற்கவேண்டும், உள்ளே தண்ணீர்க் குழாய் கூடாது, சாமான் வைப்பதற்கு மட்டுமே பயன்படவேண்டும். மேசை போட்டு உள்ளே நின்று வேலை செய்தால் அது பட்டறை. அதற்குப் பழைய 10 சதுர மீட்டர்தான் வரம்பு, அதாவது சுமார் 108 சதுர அடி. உங்களுடையது 160.

இன்னொருவர்:
அண்ணா, அளவையும் ஒருக்கால் பாருங்கள். 15 சதுர மீட்டர் என்பது 161.46 சதுர அடி. உங்களுக்கு மிச்சம் ஒன்றரைச் சதுர அடிகூட இல்லை. பரப்பை வெளிச்சுவரின் வெளிமுகத்தில் வைத்துத்தான் அளப்பார்கள். சட்டத்தையே 10×16 என்று அடித்திருந்தால், அதன்மேல் அரை அங்குலப் பலகை நாலு பக்கமும் ஏறியதும் 10 அடி 1 அங்குலம், 16 அடி 1 அங்குலம் ஆகிவிடும். பெருக்கிப் பாருங்கள், 162 தாண்டும். என் ஷெட்டுக்குக் கீறிய படத்தை இதற்காகவே மாற்றினேன்.

கேட்டவர்:
ஐயோ, சட்டம்தான் சரியாக 10×16. நல்லவேளை, இன்னும் நிமிர்த்தவில்லை. சரி, சாமான் மட்டும் வைத்து அளவையும் குறைத்தால் பிரச்சினை தீர்ந்ததா?

பதில்:
பெர்மிட் தீர்ந்தது. வேலி தீரவில்லை. பெர்மிட் வேண்டாத ஷெட்டையும் நகரசபையின் ஸோனிங் விதி கட்டுப்படுத்தும். எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், வளவில் எத்தனை வீதம் கட்டலாம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. தூரத்தை அளப்பது காணி எல்லையிலிருந்து, வேலியிலிருந்து அல்ல. வேலி எல்லையில்தான் நிற்கிறது என்று நம்பாதீர்கள். வீடு வாங்கியபோது தந்த சர்வே படத்தை எடுத்துப் பாருங்கள். வடிகால், மின்கம்பி போன்றவற்றுக்காக ஒதுக்கிய துண்டு ஏதும் அதில் இருந்தால் அதன்மேல் கட்டவேண்டாம். எல்லைத் தூரத்துக்கு விதிவிலக்குக் கேட்டு நகரசபைக் குழுவிடம் போகலாம்தான். ஆனால் அதற்குக் கட்டணம் கட்டவேண்டும், அயலவருக்கும் அறிவிப்புப் போகும். ஷெட்டைத் தள்ளிவைப்பது எவ்வளவோ சுலபம்.

இன்னொருவர்:
தூணுக்குக் குழி தோண்டுவதாக இருந்தால் முதலில் ஒன்டாரியோ வன் கோலுக்குச் சொல்லுங்கள். நிலத்துக்கடியில் வாயுக்குழாயும் வயரும் எங்கே போகின்றன என்று குறித்துத் தருவார்கள், இலவசம். லைட் போட்டால் மின்வேலைக்கான அனுமதி தனி. கட்டடப் பெர்மிட் வேண்டாம் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். நிலத்தடி வயரில் விளையாடக்கூடாது.

கேட்டவர் (மூன்று நாள் கழித்து):
எல்லாருக்கும் நன்றி. சர்வே படத்தைப் பார்த்து மூலையில் மண்ணைக் கையால் விலக்கினேன். எல்லையைக் குறிக்க அடித்த, துருப்பிடித்த சதுர இரும்புக்கம்பி ஒன்றின் தலை தெரிந்தது. வேலி அதற்கு 4 அங்குலம் அந்தப் பக்கம் நிற்கிறது, இத்தனை நாளும் வேலியையே எல்லை என்று நினைத்திருந்தேன். எங்கள் நகரசபை கேட்பது 60 சென்டிமீட்டர், அதற்கேற்பச் சரளையை உள்ளே இழுத்துவிட்டேன். நீளச் சுவர்கள் இரண்டிலும் நிலைக்கட்டைகளுக்கு நடுவே ஒரு இடைவெளியை, 16 அங்குலம், வெட்டி எடுத்தாயிற்று. பலகையோடு சேர்த்து இப்போது 149 சதுர அடிக்குள் வருகிறது. மரவேலை மேசை கராஜுக்குப் போகிறது. இந்தத் தடவை தொலைபேசி எடுக்கவில்லை. அளவு, உயரம், எல்லைத் தூரம், என்ன வைக்கப்போகிறேன் என்பதெல்லாம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். பதில் எழுத்தில் வந்ததும் சுவரை நிமிர்த்துவேன். அதுவரை மரத்துக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன்.