புதுப்பிப்பு: பிரிண்ட் இருட்டாக வந்த விவகாரம்

திரையில் பளிச்சென்று இருக்கும் கல்யாணப் படங்கள் பிரிண்டில் இருண்டு, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) ஏறி வருகின்றன என்று முன்பு கேட்டிருந்தேனே, தீர்ந்தது. இருட்டுக்குக் காரணம் பிரிண்டர் இல்லை, மானிட்டரின் அதீத வெளிச்சம். காலிபிரேட்டர் (திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்யும் கருவி) வைத்து வெண்மையை 6500 கெல்வின், இடைப்பட்ட டோன்களுக்கான காமாவை 2.2 என்று அமைத்து, வெளிச்சத்தை சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா என்று இறக்கினேன். முதலில் திரை அழுதுவடியும், கண் பழகிவிடும்.

மெஜந்தா கதை வேறு. எடிட்டிங் மென்பொருளும் பிரிண்டர் டிரைவரும் ஆளுக்கொரு தரம் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தன. டிரைவரில் அந்த நிறமாற்றத்தை அணைத்து, அந்தப் பேப்பருக்கான ஐசிசி புரொஃபைலை (அதில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) எடிட்டிங் மென்பொருளில் கொடுத்ததும் முகங்கள் முகங்களாக வந்தன. அரக்குப் பட்டு மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம்தான். சாஃப்ட் புரூஃப் (பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பது) போட்டால் தெரிகிறது, அந்தச் சிவப்பு இந்தப் பேப்பருக்கு எட்டாது. கல்யாணப் பெண்ணின் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வதென்றுதான் யோசிக்கிறேன்!