பரணில் கிடந்த ஸ்கின் பசை இளகிப்போச்சு. மார்ச்ல குல்மார்க் போகணும், உதவுங்க

கடலூர், மஞ்சக்குப்பம்:
வணக்கம். நானும் வீட்டுக்காரரும் போன வருஷம் குல்மார்க்ல ஸ்கீ டூரிங், அதாவது ஸ்கீ மாட்டிக்கிட்டே பனிமலை ஏறி இறங்குறது, பழகினோம். மேடு ஏறும்போது ஸ்கீ அடியில ஒட்டுற ஸ்கின் ரெண்டு ஜோடி, பனிச்சரிவுல புதைஞ்சவங்களைத் தேடுற டிரான்ஸீவர் ரெண்டு, எல்லாம் சொந்தமாவே வாங்கிட்டோம். ஊருக்கு வந்ததும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டதுதான். கத்திரி வெயில் முழுக்க அங்கேயே கிடந்திருக்கு.

நேத்து இறக்கினா, பண்ருட்டிப் பலாவை அறுத்த கை மாதிரி பிசுபிசுன்னு வருது பசை. ஸ்கீயில ஒட்டிப் பிரிச்சா பாதி அங்கேயே தங்கிடுது. இன்னொண்ணு, ஒரு டிரான்ஸீவர்ல பேட்டரியை எடுக்க மறந்துட்டோம். முனையெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கு. துடைச்சுப் புது பேட்டரி போட்டா ஆன் ஆகுது. "அதான் ஓடுதே"ங்கறார் அவர். எனக்கு மனசு ஒப்பலை. கிளம்ப 18 நாள்தான் இருக்கு.

புதுச்சேரி, லாஸ்பேட்டை:
சகோதரி, பலாப்பாலுக்குத் தடவுற மாதிரி எண்ணெய் மட்டும் தொட்டுடாதீங்க, பசை அடியோட செத்துடும். எனக்கும் இதே கதைதான் நடந்தது. பழுப்புக் காக்கித் தாளைப் பசைமேல பரப்பி, இஸ்திரிப்பெட்டியைக் குறைஞ்ச சூட்டுல மெதுவா ஓட்டுங்க. சூடு ஆறுறதுக்குள்ள தாளைப் பிரிச்சா பழைய பசை தாளோட வந்துடும். புதுத் தாள், மறுபடி அதே வேலை. ஸ்கின் பட்டை வெறும் துணி மாதிரி தெரிஞ்சதும் ஸ்கின் பசையை மெல்லிசாப் பூசி, டியூப்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் காய விடுங்க. ஸ்கீயில தங்கினதைப் பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க, கத்தி வேண்டாம்.

இனிமே பரண் வேண்டாம். வலைத்துணி வச்சு மடிச்சு, காத்துப்புகாத பையில சிலிக்கா ஜெல்லோட, வீட்டுல இருக்கிறதிலேயே குளிர்ச்சியான இடத்துல வைங்க. மலைல ஸ்கின்னைக் கழட்டினா ஜாக்கெட்டுக்குள்ள மார்போட சேர்த்து வைங்க. குளிர்ல விறைச்சா பசை பிடிக்காது.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை:
ஸ்கின் சரியில்லேன்னா ஏற முடியாது, திரும்பி வந்துடலாம். டிரான்ஸீவர் அப்படியில்லம்மா. முழுசாப் புதைஞ்சவங்களை 10, 15 நிமிஷத்துக்குள்ள எடுத்தாத்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. ரெண்டே பேர் போறீங்க. அவர் புதைஞ்சா தேட நீங்க மட்டும்தான், நீங்க புதைஞ்சா அவர் மட்டும்தான்.

ஆன் ஆகுறது சோதனையே இல்லை. காலையில தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போங்க. ஒண்ணை அனுப்புற நிலையில மணல்மேல வச்சிட்டு, இன்னொண்ணைத் தேடுற நிலையில எடுத்துக்கிட்டு 60 மீட்டர் தள்ளிப்போய்க் கிட்ட வாங்க. எத்தனை மீட்டர்ல சிக்னல் பிடிக்குதுன்னு குறிச்சுக்கிட்டு, ரெண்டையும் மாத்தியும் பாருங்க. செல்போனை அணைச்சுடுங்க. 457 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை அது கலைக்கும்.

கடலூர், மஞ்சக்குப்பம்:
இன்னைக்குக் காலைல தேவனாம்பட்டினம் போனோம் அண்ணா. நல்லது அனுப்பும்போது பூத்தது 14 மீட்டர் கிட்ட வர்ற வரைக்கும் ஒண்ணுமே காட்டலை. பூத்தது அனுப்பும்போது நல்லது 38 மீட்டர்ல பிடிச்சது. மூணு தடவை மாத்திப் பார்த்தோம், அதேதான். அவர் அங்கேயே மணல்ல உக்காந்து, "நான் புதைஞ்சிருந்தா?"ன்னு கேட்டார். என்னால பதில் சொல்ல முடியலை.

புதுசு ஆர்டர் போட்டாச்சு. காக்கித் தாள் வேலை ஒரு ஜோடி முடிஞ்சுது, அடுத்தது நாளைக்கு. மார்ச் மதியத்துல ஈரப்பனி ஸ்கின் அடியில கட்டி கட்டியா சேருதே, அதுக்கு என்ன பண்றது?

புதுச்சேரி, லாஸ்பேட்டை:
ஏறுறதுக்கு முன்னாடி, ஸ்கின்ல பனியைத் தொடுற பக்கத்து ரோமம் படுத்திருக்கிற திசையில ஸ்கின் மெழுகு தேய்ங்க. பசைப் பக்கம் படக்கூடாது. ஆனா அப்படிக் கட்ட ஆரம்பிச்சாலே பனி இளகுதுன்னு அர்த்தம். செங்குத்தான வெயில் சரிவுக்கு அதுக்கப்புறம் போகாம இறங்கிடுங்க.