கிளிமெபிரைடு தொடங்கிய பின் ஐந்து கிலோ கூடியது: மாத்திரையா, மரச்சீனியா?

குலசேகரம் பால்வெட்டுக்காரர்:
எனக்கு வயது 52, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மட்டும் சாப்பிட்டு வந்தபோது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.4 ஆக இருந்ததால், எட்டு மாதங்களுக்கு முன் மருத்துவர் கிளிமெபிரைடையும் சேர்த்தார். சராசரி 7.2-க்கு இறங்கியது, ஆனால் 64 கிலோவாக இருந்த எடை 69 ஆகிவிட்டது. வீட்டில் மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளி) குற்றம் சொல்கிறார்கள். சிறு வயது முதல் தின்கிற கிழங்கு இப்போது மட்டும் ஏன் உடம்பில் ஏற வேண்டும்? மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

மார்த்தாண்டம் மருந்தாளுநர்:
அண்ணாச்சி, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் இம்மாத்திரையால் எடை கூடுவது உண்டு. முன்பு சர்க்கரை மிகுந்திருந்தபோது தின்றதில் ஒரு பங்கு சிறுநீரோடு வெளியேறியது. இப்போது அதே கிழங்கு முழுவதும் உடம்பில் தங்குகிறது. ஆகவே கிழங்கையும் முழுக்க விடுவிக்க முடியாது. எனினும், 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இதே வகையைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு எடுத்தவர்களுக்குப் பத்தாண்டுகளில், பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களைவிட 1.7 கிலோதான் கூடுதலாக ஏறியது. உங்களுக்கு எட்டு மாதத்தில் ஐந்து கிலோ ஏறியதற்கு வேறு காரணமும் இருக்கலாம். அதனால் கேட்கிறேன்: பால் வெட்டும்போது நடுக்கமும் வியர்வையும் வருகின்றனவா? மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள்?

தக்கலை வாசகி:
காலில் வீக்கம் உண்டா என்றும் பாருங்கள். என் அம்மாவுக்குப் பியோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தபோது கூடிய எடையில் பெரும்பகுதி நீர்தான். 2013-இல் மத்திய அரசு அம்மருந்தைத் தடை செய்து, அடுத்த மாதமே எச்சரிக்கையோடு அனுமதித்தது.

குலசேகரம் பால்வெட்டுக்காரர்:
வீக்கம் இல்லை. காலை நான்கு மணிக்குக் கட்டன் சாயாவோடு (பால் விடாத தேநீர்) மாத்திரையைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போவேன். ஆறு மணிக்குக் கை நடுங்கும். கருப்பட்டியும் நாலைந்து மட்டி வாழைப்பழமும் தின்றால் சரியாகும். தூக்கம் போதாததால் என்று நினைத்திருந்தேன்.

மார்த்தாண்டம் மருந்தாளுநர்:
அது தாழ்சர்க்கரையாகவே இருக்க வேண்டும். இம்மாத்திரையை முதல் முழு உணவோடு சாப்பிட வேண்டும். வெறும் சாயாவோடு போட்டால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும், இறங்கினால் பசிக்கும், பசித்தால் கூடுதலாகத் தின்று எடையும் ஏறும். கருப்பட்டி சர்க்கரைக்காரர்களுக்கு ஆகும் என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமே. அடுத்த முறை நடுங்கும்போது சர்க்கரை பார்க்கும் கருவியில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த எண்களோடு மருத்துவரிடம் போனால், அவர் அளவைக் குறைக்கவோ, எடையைக் கூட்டாத கிளிப்டின் வகைக்கோ, எடையைச் சற்றுக் குறைக்கும் டாபாகிளிபுளோசினுக்கோ மாற்றவோ வழி உண்டு. காப்புரிமை 2020-இல் முடிந்ததால் பின்னதன் விலையும் இறங்கியிருக்கிறது.

குலசேகரம் பால்வெட்டுக்காரர்:
வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். மாத்திரை நேரத்தை அவரிடம் நானும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.