மறு: 'பரம்பரைப் புற்றுநோய்' என்பதற்கு வேறு சொல்

ஆரணி ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம். நம் தமிழ்த் துண்டறிக்கையில் 'பரம்பரைப் புற்றுநோய்' என்பதற்கு வேறு சொல் வேண்டும் என்று நான் கேட்டதற்கு ஐயா எழுதியது:

> பரம்பரைப் புற்றுநோய் என்றே எழுதுங்களேன். எல்லாருக்கும் புரிகிற சொல்தானே.

புரிகிற சொல்தான் ஐயா, அதுதான் எனக்குக் கவலை. காட்பாடி, குடியாத்தம் பக்கம் 'பரம்பரை வியாதி' என்று சொன்னால் அடுத்த கேள்வியே 'அப்பா வழியா, அம்மா வழியா' என்பதுதான். பேச்சு அங்கே தொடங்கி, அந்த வீட்டில் பெண் எடுக்கலாமா என்பது வரை போய் நிற்கும். நாம் துண்டறிக்கை எழுதுவது குழந்தைகளுக்கு வரும் சிறுநீரக, சிறுநீர்ப்பை, விரை, சூலகப் புற்றுகளைப் பற்றி. இவர்களில் பிறக்கும்போதே மரபணு மாற்றத்தோடு வரும் பிள்ளைகள் பலருக்கு அது பெற்றோரில் யாரிடமிருந்தும் வந்ததில்லை.

சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியையே பாருங்கள். 1899இல் இதை விரிவாக எழுதிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயரால் வழங்குவது. குடும்பத்தில் இன்னொருவருக்கும் இதே கட்டி இருந்தது என்பது நூற்றில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குத்தான். ஆனால் பிறப்பிலேயே மாற்றம் உள்ளவர்கள் பத்தில் ஒருவராவது இருப்பார்கள். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே விழும் பிள்ளைகளைத்தான் 'பரம்பரை' என்ற சொல் தவறாகச் சுட்டுகிறது.

வில்ம்ஸ் கட்டியோடு தொடர்புள்ள டபிள்யூ.டி.1 (WT1) மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது, 1990இல் அடையாளம் காணப்பட்டது. கருவில் சிறுநீரகமும் பிறப்புறுப்புகளும் உருவாக அது வேண்டும். அதனால்தான் அது பழுதானால் ஒரே பிள்ளைக்குச் சிறுநீரகக் கட்டி, கீழிறங்காத விரை, இடம் மாறிய சிறுநீர்த் துளை என்று சேர்ந்தாற்போல் வரக்கூடும். குரோமோசோமின் அந்தத் துண்டே விடுபட்டுப் பக்கத்து மரபணுவும் சேர்ந்து போனால், கண்மணியைச் சுற்றிய நிற வளையம் இல்லாமலே பிள்ளை பிறக்கும். இப்படி விடுபடுவது பெரும்பாலும் அந்தப் பிள்ளையில் புதிதாக நேர்வது.

டைசர்1 (DICER1) என்ற இன்னொரு மரபணுவின் கதை வேறு. சூலகத்தில் செர்டோலி-லேடிக் என்ற அரிய கட்டி வரும் சிறுமிகள் பலரிடம் இந்த மரபணுவில் மாற்றம் இருக்கும். அது பெரும்பாலும் தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். கொடுத்தவருக்கோ பல நேரம் ஒரு நோயும் இருக்காது, தாமே சுமப்பதுகூடத் தெரியாது. நமக்கு வேண்டிய சொல் இந்த இரண்டையும் தாங்க வேண்டும்.

'கருவழி மாற்றம்' என்று ஒரு நண்பர் போன வாரம் சொன்னார். சொல் அழகு. ஆனால் கரு என்றதும் நம் ஊரில் கர்ப்பம்தான் நினைவுக்கு வரும். 'கிரகணத்தன்று வெளியே போனாயா, பப்பாளி தின்றாயா' என்று மாமியார் கேட்பதற்கு நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

என் முன்மொழிவு: உடம்பின் எல்லாச் செல்களிலும் பிறக்கும்போதே இருப்பது 'பிறவி மாற்றம்'. பின்னால் கட்டிக்குள் மட்டும் தோன்றுவது 'கட்டி மாற்றம்'. பிறவி மாற்றத்தில் 'வழிவந்தது', 'புதிதாய்த் தோன்றியது' என இரண்டு வகை.

அடுத்து, அந்த மாற்றத்தால் கூடுகிற அபாயத்துக்கு 'புற்றுச்சாய்வு' என்று வைக்கலாம். அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் விழித்திரைப் புற்றை வைத்தும், 1972இல் லூயிஸ் ஸ்ட்ராங்குடன் சேர்ந்து வில்ம்ஸ் கட்டியை வைத்தும் சொன்னது இதுதான்: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று மரபணுவுக்கு இரண்டு பிரதிகள்; கட்டி வர இரண்டும் கெட வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு முதல் பிரதி பிறவியிலேயே கெட்டிருக்கிறது, இரண்டாவது கெடலாம், கெடாமலும் போகலாம். சாய்ந்திருக்கிறது, விழவில்லை. அந்த இடைவெளியில்தான் வில்ம்ஸ் கட்டி வருகிறதா என்று பார்க்க ஏழு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். 'பரம்பரைப் புற்றுநோய்' என்று தலைப்புப் போட்டால், நோயே இல்லாத தங்கைக்கும் நோய் இருப்பதாகத்தானே படிப்பார்கள்?

(ஒரு புலம்பல்: வேலூர் காந்தி ரோட்டில், வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக லாட்ஜுக்கும் மருந்துக் கடைக்கும் வங்காளத்தில் பலகை இருக்கிறது. போளூரிலிருந்து வரும் அம்மாவுக்குத் தமிழில் ஒரு தாள் கொடுக்க நாம் இவ்வளவு பாடுபடுகிறோம்.)

— காட்பாடியிலிருந்து

---

தம்பி,

பரம்பரையை விட்டுவிடுவோம், சரி. ஆனால் 'பிறவி' என்றால் முற்பிறவி, பாவம் என்று போகாதா? அப்புறம் 'சாய்வு' பள்ளிக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது, நேர்க்கோட்டின் சாய்வு. பத்தாம் வகுப்புப் பிள்ளை குழம்பும்.

இன்னொன்று. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று சொல்வார்களே, அதற்கு உங்கள் தாளில் என்ன பதில்?

— ஆரணி

---

ஐயா,

'பிறவிக் கோளாறு' என்று மருத்துவமனைச் சீட்டிலேயே எழுதுகிறார்கள், அதைப் படித்து யாரும் பாவக் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை. 'மாற்றம்' என்பதைச் சேர்த்தே எழுதினால் போதும். சாய்வு கணக்கிலும் இருக்கட்டும். 'புற்று' முன்னால் நிற்கும்போது யாரும் நேர்க்கோடு வரையப் போவதில்லை.

சொந்தத்தில் கட்டியது பற்றி ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. டபிள்யூ.டி.1, டைசர்1 இரண்டிலும் ஒரு பிரதியில் பிறவி மாற்றம் இருந்தாலே சாய்வு வந்துவிடும். அத்தை மகளைக் கட்டினாலும் அசலில் கட்டினாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் பி.ஆர்.சி.ஏ.2 (BRCA2) போன்ற சில மரபணுக்களில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் சிறுவயதிலேயே வில்ம்ஸ் கட்டி வரக்கூடும். அங்கே சொந்தத் திருமணம் அபாயத்தைக் கூட்டும். எனவே 'சொந்தம் காரணமில்லை' என்று பொதுவாக எழுதக் கூடாது. 'ஒற்றைப் பிரதிச் சாய்வு', 'இரட்டைப் பிரதிச் சாய்வு' என்று பிரித்து எழுதலாமா?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பெற்றோர் இருவரின் இரத்தத்திலும் மாற்றம் இல்லை என்று வந்தாலும், ஒருவரின் விந்தணுக்களிலோ கருமுட்டைகளிலோ சிலவற்றில் மட்டும் அது இருக்கலாம், அடுத்த பிள்ளைக்கும் வரலாம். 'புதிதாய்த் தோன்றியது' என்று நாம் எழுதினால் பெற்றோர் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்வார்கள். 'பெற்றோர் இரத்தத்தில் காணாதது' என்று நீட்டி எழுதினால் உறுத்துமா?